தெரிந்தவர் மகளின் பெர்மிட்

கனடாவில் மகள் படிப்பை முடித்த அன்றே என் மனைவி வீட்டில் வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டுவிட்டாள்.

"அங்க வேல பாக்கதுக்குப் பெர்மிட் கையில வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. கண்ணு பட்டுரும். ஒங்க வாயி சும்மா கெடக்காதே!"

கண்ணேறு, திருஷ்டி எல்லாவற்றையும் கேலி செய்தே ஐம்பது வயதைக் கடந்தவன் நான். ஆனால் இது மகள் விஷயம். திலக் நகர் கட்டிடத்தில் யார் கேட்டாலும் "இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கா" என்றேன். பாஸாகாத மக்கு என்று அவளுக்கு நானே பெயர் வாங்கிக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரரிடம் மட்டும் கூடுதல் ஜாக்கிரதை. பாலக்காட்டுக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் எங்கள் மகளுக்கு முன்பே கனடா போனவன். லிஃப்டில் விசாரித்தால் "ஜோரா இருக்கான்" என்பார். எல்லாம் தெரிந்த குடும்பம். ஆகவே அவர்களிடம்தான் எதையும் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டு மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

ஒரு நாள் பெர்மிட் வந்துவிட்டதாக மகள் செய்தி அனுப்பினாள். ஆபீஸ் முடிந்து கிங்ஸ் சர்க்கிள் போய் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கினேன். யாருக்கும் கொடுக்க முடியாதே! கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவருமே தின்றோம், திருட்டுப் பூனைகள் மாதிரி. இரண்டாவது துண்டு வாயில் இருக்கும்போது போன்.

"அப்பா, ஒரு லஃப்டா ஆயிடுச்சு. பெர்மிட்ல சிக்கல்."

மூன்று வருஷத்துக்கு வரவேண்டிய பெர்மிட், சில மாதங்களுக்குத்தான் வந்திருந்தது. அவளுடைய பாஸ்போர்ட் அதோடு காலாவதியாகிறது. பாஸ்போர்ட் செத்த பிறகு பெர்மிட் உயிரோடு இருக்க முடியாதாம். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பித்திருக்க வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி இப்போது தயங்குகிறது.

"யாரையாவது கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

"எதிர்வீட்டுப் பையன்கிட்ட கேக்கறேன்னு எத்தனை தடவ சொன்னேன்? நீங்கதானே வேணாம்னீங்க. சோடோ, விடுங்கப்பா."

நான் நிதானமான ஆள். ஆகவே உடனே அலமாரியைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அது எப்போதோ காலாவதியாகியிருந்தது. எங்கேயும் போகப் போகாதவனுக்கு அதற்கும் சேர்த்து வியர்த்தது. மறுநாள் ஆபீஸுக்கு வடாலாவில் இறங்க வேண்டியவன் ரயிலின் கடைசி ஸ்டேஷன் வரை போனேன். மகள் பெட்டியோடு திரும்பி வருகிறாள்; லிஃப்டில் எல்லோரும் பரிதாபமாக ஒதுங்கி இடம் விடுகிறார்கள். வழியெல்லாம் இதே படம்தான் ஓடியது.

சாயங்காலம் கட்டிடத்து வாசல் பெஞ்சில் எதிர்வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. அவரு பொண்ணுக்குக் கனடாவுல..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் சட்டையைப் பார்த்தார். "உங்க தெரிஞ்சவருக்கு ரொம்ப வேர்க்கறதே, அண்ணாச்சி."

நான் துடைத்துக்கொண்டேன்.

"புது பாஸ்போர்ட் எடுத்துண்டு, பாக்கி காலத்துக்குத் திரும்ப அப்ளை பண்ணச் சொல்லுங்கோ. கிடைக்கும். ஆனா நாளாகும். அதுவரைக்கும் கம்பெனி காத்துண்டிருக்குமாங்கறதுதான்..."

"ஒங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். அவர் பையனுக்கும் இதே கதைதான். அந்தக் கம்பெனி காத்துண்டிருக்கலை. பாக்கி பெர்மிட் வந்து வருஷமாறது, சொல்லிக்கற மாதிரி வேலை இல்லை. ஆத்துல, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கோன்னு உத்தரவு. கண்ணு பட்டுடுமாம்."

"இனிமே கண்ணு படுறதுக்கு என்ன சார் மிச்சம் இருக்கு?"

வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மகள் தப்பியிருப்பாள். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. ஒன்றாகவே மேலே போனோம். எதிரெதிர்க் கதவுகள். இரண்டிலும் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் காவலுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன.

இப்போது புது பாஸ்போர்ட் வந்துவிட்டது, விண்ணப்பமும் போய்விட்டது. கையிலிருக்கும் பெர்மிட் முடிகிறவரை வேலைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் 'பிறகு' பக்கத்தில் வந்துவிட்டது. தினமும் போனில் "வந்துச்சா?" என்று கேட்காமல், "சாப்ட்டியா?" என்று கேட்கிறேன். அவளும் அதற்குப் பதிலாக "இன்னும் இல்லப்பா" என்கிறாள்.

நேற்று லிஃப்டில் நாலு பேருக்கு நடுவில் அவர் கேட்டார்:

"உங்க தெரிஞ்சவரோட பொண்ணுக்கு வந்துதா?"

"இன்னும் இல்ல சார். ஒங்க தெரிஞ்சவரோட பையனுக்கு வேல கெடச்சுதா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, எங்கள் மாடிக்கான பட்டனை அழுத்தினார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.