மேலே ஏறிய காப்பித்தூள் டப்பா

மயக்கம் தெளிந்த மூன்றாம் நாள், மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வெட்டி எடுத்ததை நான் பார்க்கலாமா?" என்பதுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிழைப்பேனா என்று கேட்காமல் இப்படிக் கேட்கிற பெண்பிள்ளையை அவர் அதுவரை கண்டதில்லை போலும். நான் என்ன செய்வேன்? காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினைந்து வருஷமாக விஞ்ஞானம் நடத்துகிறவள். எத்தனையோ தவளைகளை அறுத்துக் காட்டியிருக்கிறேன். என் உடம்பிலிருந்து போனது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "அது பரிசோதனைக்குப் போயிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

வலது மார்பு முழுதும், அக்குள் சதையோடு சேர்த்து எடுத்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. புற்றுநோய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கட்டி என்பார்கள், அதையும் மெதுவாக.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தினமும் சுவரோரம் நின்று வலது கை விரல்களைச் சுவரில் மேலே மேலே நடக்கவிட வேண்டும். வலி உயிர் போகும், விடக்கூடாது. இரண்டு மாதத்துக்குள் கை ஏறாவிட்டால் அப்புறம் ஏறவே ஏறாது. நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அப்போது ஏப்ரல். ஜூனில் பள்ளி திறந்துவிடும். கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதக் கை எட்டாத டீச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? என்னைப் பார்க்க வந்த தலைமையாசிரியை அதற்கும் வழி வைத்திருந்தார். "முடியலைன்னா தையல் கிளாஸைப் பாத்துக்கங்க டீச்சர்" என்றார், மிகவும் பிரியமாக. கட்டியைக்கூடப் பொறுத்துக்கொண்ட எனக்கு அந்தத் தையல் வகுப்பைப் பொறுக்க முடியவில்லை. வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்கும்போதுதான் நான் நானாக இருப்பேன். அது போய்விட்டால் பிழைத்து வந்ததற்கு என்ன அர்த்தம் என்று நிஜமாகவே பயந்தேன்.

நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. ஊரே மெச்சும் அந்தச் சுவரில் என் விரல்கள் இரண்டடி ஏறுவதற்குள் சர்ரென்று சறுக்கிக் கீழே வந்துவிட்டன. சுவராவது சும்மா வழுக்கியது. மதினி கையையே பிடித்து இறக்கிவிட்டார்.

மதினி என் கணவரின் அக்கா. எனக்குத் தாய் இல்லாததால் என் இரண்டு பிரசவத்துக்கும் கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்து பார்த்துக்கொண்டவர். இப்போதும் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஏத்தா, கையத் தூக்காத. தையல் விட்டுரும். பச்ச ஒடம்புக்காரி."

"நர்ஸம்மா தூக்கச் சொல்லித்தேன் அனுப்புனாக, மதினி."

"அந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அதுக்கென்ன தெரியும்?"

பிள்ளை பெற்றவளைத்தான் பச்சை உடம்புக்காரி என்பது. அந்த வார்த்தையை அவர் சும்மா சொல்லவில்லை என்பது போகப் போகப் புரிந்தது. காலையில் பிரசவக் காய மருந்து உருண்டை. மதியம் பூண்டுக் குழம்பு. தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை. வாசலைத் தாண்டக் கூடாது, தலைக்கு மேல் கை போகக் கூடாது. சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரரோடு ஒரு வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அடுத்த வீட்டம்மா, வாசனை பிடித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சொல்லவே இல்ல! என்ன புள்ள?" என்றார். "கட்டிதான் பொறந்துச்சு. ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்கிட்டாக" என்றேன். மதினி என்னை முறைத்தார்.

எனக்கு இதில் எரிச்சலும் உண்டு, வேடிக்கையும் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் என்னைப் பற்றி நானே குறித்துக்கொண்டேன். அக்குளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லை. வெந்நீரும் தண்ணீரும் அங்கே ஒன்றுதான். நடக்கும்போது இடப்பக்கம் சாய்கிறேன். எல்லாவற்றிலும் விநோதம், இல்லாத மார்பு அரித்தது. சொரியப் போனால் விலா எலும்புதான் இருக்கிறது, அரிப்பு மட்டும் அதற்கு வெளியே எங்கேயோ நிற்கிறது. கை மட்டும் தோளுக்கு மேலே போகவில்லை. மூன்று வாரம் கழிந்துவிட்டது.

அன்றைக்குச் சந்தையிலிருந்து என் கணவர் சுறா வாங்கிவந்தார். மதினி வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் போட்டுப் புட்டாக்கி, தட்டு நிறைய வைத்தார். ஒரு வாய் போட்டதும் எனக்கு அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் வந்தது.

"மதினி, சுறாப்புட்டு எதுக்குக் குடுக்குறது?"

"இதென்ன கேள்வி? பால் ஊறத்தேன்" என்றவர் அப்படியே நின்றார். கரண்டி பாதியில் நின்றது. அவர் கண் என் நெஞ்சுக்குப் போனது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட இடம் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேற என்னத்தா தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீடு திரும்புன பொம்பளைன்னா, எனக்குப் புள்ள பெத்தவளத்தேன் தெரியும். இந்தக் கட்டியோட போனவ ஒருத்தியும் திரும்பி வந்து நான் பாக்கல."

அதுவரை நான் அழவே இல்லை. டாக்டரிடம் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று அப்போதுதான் தெரிந்தது. இருவரும் சேர்ந்து அழுதோம். புட்டு ஆறிப்போனது. பிறகு அதை நான் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

அதற்கப்புறம் கையைத் தூக்காதே என்று மதினி சொல்லவில்லை. தூக்கு என்றும் சொல்லவில்லை. "இனிமே மூணு மணிக் காப்பிய நீயே போட்டுக்க" என்றார், அவ்வளவுதான். அடுப்படிச் சுவரில் ஐந்து பலகைத் தட்டுகள் உண்டு. காப்பித்தூள் டப்பா எப்போதும் அடித்தட்டில் இருக்கும். மறுநாள் அது இரண்டாம் தட்டில் இருந்தது. நாலைந்து நாளில் மூன்றாவதில். எறும்புக்குப் பயந்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். எறும்புக்கென்றால் சர்க்கரை அல்லவா ஏறியிருக்க வேண்டும்? சர்க்கரை கீழேயே கிடந்தது. நோட்டில் இதையும் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். கணவரைக் கேட்டால், "நான் அடுப்படிக்கே போறதில்லையே" என்றார். அது உண்மைதான்.

காப்பி இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. இடது கையால் எடுக்க ரோஷம் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையாலேயே எம்பினேன். அக்குளில் கயிறு அறுவது போல இழுக்கும். கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் டப்பா கைக்கு வந்தது.

மே கடைசியில் ஒரு மதியம், தூங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த மதினியை அடுப்படியில் பார்த்தேன். அவர் என்னைவிட ஒரு சாண் குட்டை. முழங்காலில் வேறு வாதம். தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பிடித்து முனகிக்கொண்டே ஏறி, டப்பாவை மேல் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். நோட்டை எடுத்துக் கேள்விக்குறியை அடித்தேன்.

மேல் தட்டு லேசில் மசியவில்லை. விரல் நுனி டப்பாவின் அடியைத் தொடும், பிடிக்க முடியாது. நான்கு நாள் காப்பி இல்லாமல் தலைவலியோடு கிடந்தேன். மதினியும் எடுத்துத் தரவில்லை.

பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை முன் நின்றபோது முதுகெல்லாம் வியர்த்தது. கையைத் தூக்கினேன். சாக்பீஸ் மேல் ஓரத்தைத் தொட்டது. தேதி எழுதினேன், கடைசி இரண்டு எண்கள் நடுங்கிக் கொஞ்சம் கீழே இறங்கின. திரும்பிப் பார்த்தால் நாற்பது பெண்களும் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அதைவிடச் சந்தோஷம் எனக்கு அந்த வருஷத்தில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நேரே அடுப்படிக்குப் போனேன். மேல் தட்டில் கை வைத்து டப்பாவைப் பிடித்து எடுத்து, இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதினியின் பக்கத்தில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"காலைல மொத பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். அந்த டப்பாவ இனிமே கீழயே வச்சுக்கத்தா" என்றார், முழங்காலை நீவிக்கொண்டே.

"சரிங்க மதினி" என்றேன். காப்பி குடித்து முடித்ததும், டப்பாவை மேல் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.