அண்ணன் பழக்கிய பூட்ஸ்

என் தம்பி இறந்து இருபத்து மூன்று நாட்கள் ஆகின்றன. தொலைபேசி இன்னும் ஓயவில்லை. ஏழு நாடுகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒரு கோல்கீப்பர், அணியின் பேருந்தை ஓட்டிய ஒருவர், பேச்சே புரியாத ஒரு பெண்மணி. எல்லோரும் அழுகிறார்கள். பதினெட்டு வருடம் அவனோடு ஒரே கட்டிலில் படுத்து உதை வாங்கியவன் நான். நான் அவர்களைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனைக் கொக்கு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மைதானத்தில் மற்றவர்கள் நாக்குத் தள்ள ஓடும்போது, இவன் எதிரணிக் கோலுக்கு முன்னால் ஒரு காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பான். பந்து பக்கத்தில் வந்தால் ஒரே கொத்து. அவ்வளவுதான் அவன் ஆட்டம்.

பள்ளி அணியில் நான்தான் முன்வரிசை. அவன் வெளியே போகும் பந்தை எடுத்துப் போடுகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே கால் அளவு என்பதால் அப்பா ஒரு ஜோடி பூட்ஸ்தான் வாங்கித் தந்திருந்தார். அந்த வருடத்து இறுதி ஆட்டத்தில் முதல் பாதி முழுக்க நான் ஓடினேன், கோல் விழவில்லை. இடைவேளையில் பயிற்சியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழட்டு. தம்பிகிட்ட குடு. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும்."

என் கால் சூடு ஆறாத பூட்ஸில் அவன் காலை நுழைத்துக்கொண்டு போனான். மூன்று கோல். அதற்குப் பிறகு அந்த ஜோடி எனக்குத் திரும்பி வரவில்லை. நான் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்தேன். படித்த படிப்புக்குக் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது.

அவன் பத்தொன்பது வயதில் முதல் கிளப்பில் சேர்ந்தான். பிறகு அது ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. ஆட்டப் பருவத்தின் பாதியில் ஏதாவது ஓர் அணி கோல் இல்லாமல் தத்தளிக்கும், இவனைக் கூப்பிடும். போய் எட்டோ ஒன்பதோ கோல் அடித்துக் கரையேற்றுவான். அடுத்த வருடம் அவர்கள் இளசான ஒருவனை எடுத்துக்கொள்வார்கள். இவன் பெட்டியைக் கட்டுவான். இப்படிப் பதினொரு கிளப். ஆட்டத்துக்கு முன்னால் ஆடுகளை விரட்ட வேண்டிய ஒரு தீவு. பனி மூடி, ஆரஞ்சு நிறப் பந்தால் ஆடும் ஒரு நகரம். இவன் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே இழுத்து மூடப்பட்ட ஒரு துறைமுகக் கிளப். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு புகைப்படம் வரும். என் மனைவி அதை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பாள். நான் தலை வாரும்போது என் முகத்துக்குப் பக்கத்தில் அவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

புகைப்படத்தோடு பூட்ஸும் வரும். அவன் குதிகால் தோல் அப்பளம் மாதிரி. புதுத் தோல் பட்டால் ஒரே நாளில் கொப்புளம். அதனால் புதிதாக எது வாங்கினாலும் எனக்கு அனுப்பிவிடுவான். அடியில் பிடிமானத்துக்கு இருக்கும் ஸ்டட் குமிழ்களைக் கழற்றிவிட்டு, பழைய செருப்பு ரப்பரை வெட்டி அந்த ஓட்டைகளிலேயே திருகிக்கொள்வேன். முதல் இரண்டு நாள் ஈரக் காலுறை. பிறகு பத்து நாள், தினம் நூற்றைம்பது வீடு, மாடிப்படி ஏறி இறங்கி மீட்டர் பார்ப்பேன். தோல் இளகிக் காலோடு காலாக ஆனதும் துடைத்து, ஸ்டட்களை மாட்டி அனுப்பிவிடுவேன்.

"என்னய்யா, இன்னிக்கு எந்த நாட்டுக்கு நடக்கற?" என்பார் மேற்பார்வையாளர்.

"உங்க கால் மட்டும் வெளிநாடு போகுது. மீதி எப்பப் போகும்?" என்பாள் என் மனைவி.

நானும் விடமாட்டேன். அவன் கோல் அடித்த செய்தி வந்தால், மீட்டர் பார்க்கும் வீட்டில் எல்லாம் சொல்வேன்: "பாதி கோல் என்னோடதுங்க." சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவனுக்கு இருபத்தெட்டு வயதானபோது ஒருநாள் கூப்பிட்டான்.

"அண்ணே, பெரிய கிளப்லேர்ந்து என்னைப் பாக்க ஆள் வர்றாங்க. அடுத்த மாசம். புதுசு ஒண்ணு அனுப்பிருக்கேன். நல்லாப் பழக்கி அனுப்புண்ணே."

"பெரிய கிளப்புன்னா?"

"எல்லாத்துலயும் பெருசு. போயிட்டா அஞ்சு வருஷம் ஒரே ஊரு. பெட்டியப் பரண்ல தூக்கிப் போட்ரலாம்."

பூட்ஸ் வந்த அதே வாரம் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் அவன் பேட்டியும் வந்தது. நடுப்பக்கம். வீட்டில் வேறு யாரும் ஆடியதுண்டா என்ற கேள்விக்கு, "இல்லை, நான் ஒருவன்தான்" என்று பதில். மூன்று தடவை படித்தேன். பிறகு பூட்ஸை அட்டைப் பெட்டியோடு எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

பன்னிரண்டு நாள் அதைத் தொடவில்லை. என் கிழிந்த ஷூவில்தான் மாடி ஏறினேன். அனுப்ப வேண்டிய நாளன்று தோலை நனைத்துக் கையால் கசக்கினேன். அடியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். பார்த்தால் பழகிய பூட்ஸ் போலவே இருந்தது.

ஆட்டத்தை வாரிய அலுவலகத் தொலைக்காட்சியில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்தேன். இருபதாவது நிமிடத்தில் நொண்டினான். முப்பதாவது நிமிடத்தில் கோலுக்கு முன்னால் தனியாகப் பந்து கிடைத்தது. காலை ஊன்ற முடியாமல் வானத்துக்கு அடித்தான். தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். வெள்ளைக் காலுறையின் குதிகால் சிவப்பாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவன் வரவில்லை.

"அமையலண்ணே," என்றான் மறுநாள் தொலைபேசியில். பூட்ஸ் பேச்சை எடுக்காமலே வைத்துவிட்டான்.

ஒன்றரை மாதத்தில் இன்னொரு பூட்ஸ் வந்தது. அதன் பிறகும் எட்டு வருடம் அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு ஜோடியையும் பத்து நாளுக்குப் பதில் இருபது நாள் போட்டு நடந்தேன். பெரிய கிளப் மறுபடி அவனைத் தேடி வரவில்லை.

ஆட்டத்தை விட்டு ஊர் திரும்பியவனுக்கு நாற்பத்தாறு வயதில் கணையத்தில் நோய் கண்டது. கடைசி மாதங்களில் விடுப்புப் போட்டுவிட்டுப் பகல் முழுக்க நான்தான் அவன் பக்கத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம் கால் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொன்னான்.

"அந்த ஜோடிய நீ போடவே இல்லல்ல?"

நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"பெட்டியத் திறந்தப்பவே. நீ போட்டதுல உள்ள உன் கட்டைவிரல் பள்ளம் இருக்கும். அதுல இல்ல."

"தெரிஞ்சு ஏன்டா போட்ட? பழசு இல்லையா?"

"பையிலேயே இருந்துச்சு."

"அப்புறம்?"

"பாதி கோல் உன்னோடதுன்னு ஊர் பூராச் சொல்லி வச்சிருந்தியே. அன்னிக்கு அடிக்கற கோல் முழுசா என்னோடதா இருக்கட்டும்னு நெனச்சேன்." சிரிக்க முயன்று இருமினான். "பேட்டில உன்னச் சொல்லாததும் அதுக்குத்தான். பொறாமைண்ணே."

"எம்மேலயா? மீட்டர் பாக்கறவன் மேலயா?"

"வெட்டுண்ணே, சுண்டுவிரல் பாக்கி."

நான் வெட்டினேன். மன்னிப்புக் கேட்கப் பதினெட்டு வருடம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் அவன் வாழ்க்கையையே திருப்பிவிட்டவன் நான் என்று பயந்துகொண்டிருந்தேன். அதையும் அவனே செய்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய முதல் கிளப்பின் கூடத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. தொப்பை போட்ட பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அணியின் முன்னாள் தலைவர், "எல்லாம் இருந்துச்சு. அந்த ஒரு ஆட்டத்துலதான் அதிர்ஷ்டம் கைவிட்ருச்சு" என்றார்.

நான் எழுந்தேன்.

"அதிர்ஷ்டம் இல்லைங்க. நான்தான். பூட்ஸைப் பழக்காம அனுப்பினேன். வேணும்னேதான்."

முன்வரிசையிலிருந்து என் தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல மாமா. தெரிஞ்சுதான் போட்டேன்னு எங்கிட்ட அன்னிக்கே சொன்னாரு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

முன்னாள் தலைவர் வந்து என் தோளில் கை போட்டு உட்கார வைத்தார். "தம்பி மேல அவ்வளவு பாசம், பாருங்க," என்று மற்றவர்களிடம் சொன்னார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்துப் பேச வந்தவர் தீவில் ஆடு விரட்டிய கதையை ஆரம்பித்தார், முடிக்கும் முன்பே கூடம் சிரித்தது. எனக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.