பெரட்டில் பதில் சொன்ன குரல்

கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்தவர்கள் கூடவே ஒரு புகை மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பனிக்குப் பஞ்சமே இல்லாத தோட்டம் எங்களுடையது. ஆனால் அன்றைக்குப் பார்த்து வெயில் அடித்தது. அவர்கள் புகை போட்டார்கள். பேயாக நடிக்க வந்த பெண்ணுக்கு வெள்ளைச் சேலை. எந்தக் காலத்தில் எங்கள் பொம்பளைகள் வெள்ளைச் சேலை கட்டிக் கொழுந்து பறித்தார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கேட்கவில்லை. அவர்கள் எடுக்க வந்தது என் அக்காவின் கதை.

தோட்டத்தில் சொல்லும் கதை இது. பதினேழு வருஷத்துக்கு முந்தி, ஒரு மழைநாள் காலையில், வேலைக்கு முன் எல்லாரும் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். அக்கா பேருக்குப் பனிக்குள்ளிருந்து, “இருக்கேங்கய்யா” என்று பதில் வந்தது. சாயங்காலம் அக்காவை எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள். பெக்டரிச் சங்கு ஊதும்போதே, அதாவது பெரட்டுக்கு முந்தியே, மேட்டு மண் சரிந்துவிட்டது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அப்படியானால் பதில் சொன்னது யார்? படத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெண் நிருபர் வருகிறாள். தொலைக்காட்சிக்கு அவர்கள் எடுத்த படம் அவ்வளவுதான்.

பதில் சொன்னது நான்.

கைக்குழந்தைக்காரிகள் பெரட்டுக்குப் பிந்துவார்கள். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அவர்கள் பேருக்கு நாங்கள் யாராவது குரல் கொடுப்போம். பனியில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அன்றைக்கு அக்கா மகளை நான் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விட்டேன். “ரொட்டி சுட்டுட்டு ஓடியாந்துர்றேன், நீ பதில் சொல்லிருடி” என்றாள் அக்கா. எங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்று போலவே இருக்கும். அவளைப் போல இழுத்துச் சொன்னேன். பெரட்டு முடிந்ததும் என் கூட்டத்தை லொறியில் ஏற்றித் தூரத்து டிவிஷனுக்கு அனுப்பினார்கள்.

மண் சரிந்த செய்தி அதற்குப் பிறகுதான் பெரட்டுக் களத்துக்கு வந்தது. கணக்கப்பிள்ளை பேர் பதியும் செக்ரோலைப் பார்த்து, பதில் சொல்லாதவர்களின் வீட்டுக் காம்பராக்களை முதலில் தோண்டச் சொன்னார். அக்கா மலையில் வேலையில் இருப்பதாகத்தானே எழுதியிருக்கிறது? அவள் காம்பராவைக் கடைசிக்கு விட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது அவளை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது என்று தோண்டியவர்களில் ஒருவர் சொன்னார். “நான் கூப்பிட்டேன், அவ பதில் சொன்னா. அவ குரல் எனக்குத் தெரியாதா?” என்று கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். அதைவிட வெட்கம். அன்றைக்கே பேய்க்கதை பிறந்துவிட்டது.

அக்காவின் மகளை நான்தான் வளர்த்தேன். அவள் அப்பா கொழும்புக்குப் போனவர் போனவர்தான். அவளுக்கு அம்மா என்றால் அந்தக் கதைதான். “செத்த பொறகும் அம்மா பெரட்டுக்கு வந்தாங்க சித்தி. நம்மள விட்டுட்டுப் போக மனசில்ல அவங்களுக்கு” என்பாள். அவள் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன்.

படப்பிடிப்பில், புகைக்குள்ளிருந்து பதில் சொல்ல டைரக்டருக்கு ஒரு தோட்டத்துக் குரல் தேவைப்பட்டது. செத்தவளுக்குக் குரல் கொடுக்க யாரும் முன்வரவில்லை. நான் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரே தடவையில் எடுத்துவிட்டு, “அருமை அம்மா, பழக்கப்பட்ட மாதிரி சொல்றீங்க” என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் போட்டார்கள். கொட்டகலைக்குப் படிக்கப் போகும் மகள் அன்று வீட்டில் இருந்தாள். வெளியே மழை. லயத்தில் ஒரு காம்பரா பாக்கியில்லாமல் டீவி ஓடியது. கணக்கப்பிள்ளையாக நடித்தவர் பேர் கூப்பிட்டதும், “இருக்கேங்கய்யா” என்று என் குரல் எங்கள் டீவியில் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலும் கேட்டது. ஒரு நொடி முன்னும் பின்னுமாக லயம் முழுக்கக் கேட்டது.

“சித்தி, அது ஒங்க குரல்ல?”

“ஆமா.”

“நடிச்சீங்களா? சொல்லவே இல்ல!” சிரித்தாள்.

“அன்னைக்கும் நான்தான்” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. ரொட்டியிலிருந்து செக்ரோல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். டீவியில் அந்த நிருபர் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

“எத்தன மணிக்கு வெளிய எடுத்தாங்க?”

“நாலு மணிக்கு மேல.”

“அதுவரைக்கும் உசுரோட இருந்தாங்களா?”

“இருந்திருக்கலாம்.”

எழுந்து வாசல் இஸ்தோப்பில் போய் மழையைப் பார்த்தபடி நின்றாள். படம் முடிந்தது. பதில் சொன்னது பேய்தான் என்று நிருபர் எழுதிவிட்டுப் போய்விட்டாள். விளம்பரம் ஓடியது. இவள் இனி என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கோபமா, அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“அம்மா மாதிரியே சொன்னீங்களா?”

“ஆமா.”

“எனக்கு அம்மா குரல் தெரியாது சித்தி. ஒரு தடவ சொல்லுங்க.”

அக்கா இருபத்து மூன்றில் போய்விட்டாள். எனக்கு இப்போது முப்பத்தேழு. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளைப் போல இழுத்து, “இருக்கேங்கய்யா” என்றேன்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இன்னொரு தடவ” என்றாள்.