சிமெண்டில் ஊன்றிய மேசை

முத்துக்குமாருவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் அவரைக் கடந்து போயிருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு ஏறிய நகக்கண்கள். செந்தூல் ரயில்வே பட்டறையில் பையனாகச் சேர்ந்து, ஃபோர்மனாக உயர்ந்தவர். வாழ்க்கையில் அவர் கடன் கேட்டதில்லை, கை நீட்டி வாங்கியதில்லை. அப்படிப்பட்டவர்களைத்தான் விதி தேடிப் பிடிக்கிறது.

ஐம்பத்தைந்து வயதானதும் அரசாங்கம், போதும், வீட்டுக்குப் போ என்றது. அவர் குடியிருந்த வீடோ ரயில்வே குவார்ட்டர்ஸ். அதையும் காலி செய்ய வேண்டும்.

வேறு வீடு இல்லாமல் இல்லை. கிள்ளானில், மேரு சாலைப் பக்கம் ஒரு வரிசை வீடு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவர் அவர்தான். ஆனால் நாலு வருடத்துக்கு முன் மகள் மங்கையர்க்கரசியின் கல்யாணத்தில் அதைச் சீதனமாக அவள் பெயருக்கு எழுதிவிட்டார். யாழ்ப்பாணத்தார் வழக்கம் அது. மகளுக்கு வீடு கொடுக்காத தகப்பன் சபையில் நிமிர்ந்து உட்கார முடியாது. கொடுத்த வீட்டிலேயே மகளோடு இருந்து வயதைக் கழிப்பதும் வழக்கம்தான்.

குவார்ட்டர்சில் அடுத்த வீட்டுக்காரர் தியாகராசா மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"எழுதிக் குடுத்த வீட்டில போய் எப்பிடி மச்சான் இருக்கப் போறாய்?"

"மகளின்ர வீடு என்ர வீடுதானே."

"கலியாண வீட்டில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"உனக்கு மகள் இல்லை. அதுதான் பொறாமை" என்று முத்துக்குமாரு சிரித்தார்.

பட்டறை ஆட்கள் பிரிவு உபசாரத்தில் அவருக்கு வழக்கமான சுவர்க்கடிகாரம் தரவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு வைஸ் வாங்கித் தந்தார்கள். இரும்பைக் கவ்விப் பிடித்து வேலை செய்யும் பெரிய வைஸ், பச்சை வர்ணம் பூசியது. ஒருவர் தனியாகத் தூக்க முடியாத கனம். மேடையில் பேச எழுந்த முத்துக்குமாரு, அதன் மேல் கையை வைத்தபடியே நின்றார்.

அந்த வைஸை வைக்க ஒரு மேசை வேண்டும். கிள்ளானுக்கு வந்த முதல் வாரமே அவர் அந்த வேலையில் இறங்கினார்.

கிள்ளான் கடைத்தெருவில் ஒரு பழைய கடைவீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் செங்கால் மர உத்திரங்களைப் பொறுக்கி, லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்பு மாதிரியான மரம், கறையான் தொடாது. இழைத்து, துளைபோட்டு, ஆணி அடிக்காமல் போல்ட்டுகளால் முடுக்கினார். போல்ட்டுத் தலைகள் கையில் இடறாதபடி மரத்துக்குள்ளேயே புதைந்திருந்தன. வைஸின் வாய் தன் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும் என்று, நிமிர்ந்து நின்று தன் உடம்பாலேயே அளவெடுத்தார். அது அவருடைய மேசை. வேறு யார் உயரத்துக்கும் செய்ததல்ல.

பிறகு, கார் நிறுத்துமிடத்தின் உள்பக்கச் சுவரோரம் தரையை உளியால் உடைத்து, நாலு குழி தோண்டினார். அவர் மனைவி பூமணி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, மேசைக்கு ஏன் குழி?"

"கால் நாலையும் சிமெண்டில ஊண்டப் போறன். பட்டறையில அப்பிடித்தான். ஆடுற மேசையில அரம் போட்டா, அரம் வழுக்கும்."

"பிறகு நகத்த ஏலாதே?"

"ஏன் நகத்த வேணும்?"

மருமகன் யோகநாதன் வங்கியில் அதிகாரி. சாயந்திரம் வந்து இறங்கியவர், உடைந்த தரையைப் பார்த்தார்.

"என்ன மாமா, புளோரை உடைச்சிட்டீங்களா?"

"ஓம் தம்பி. நாலு குழிதான். உங்கட டட்சன் காருக்கு இடம் இருக்கு, அளந்துதான் செய்யிறன்."

"ம்" என்று சொல்லிவிட்டு யோகநாதன் உள்ளே போனார்.

அந்த 'ம்'மைச் சம்மதம் என்று முத்துக்குமாரு எடுத்துக்கொண்டார். அவர் செய்த பிழை அதுதான். இந்தக் குடும்பங்களில் மருமகன் மாமனாரோடு நேரே மல்லுக்கு நிற்பதில்லை. வேண்டாம் என்றால் பேசாமல் போவார். சொல்ல வேண்டியது ஒருநாள் மகள் வாயால் வரும். முத்துக்குமாருவும் ஒரு காலத்தில் மருமகனாக இருந்தவர்தான். ஆனாலும் அன்று அது அவர் நினைவுக்கு வரவில்லை.

சிமெண்டின் மேல் ஈரச்சாக்குப் போட்டு, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, இறுகியபின் வைஸை ஏற்றி முடுக்கினார். இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. "பாத்தியா பூமணி?" என்றார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அவள் கண்டதில்லை.

செய்தி தெருவில் பரவியது. பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி வாணலியோடு வந்தாள்.

"அங்கிள், கைப்பிடி கழண்டு போச்சு. கடைக்காரன் புதுசு வாங்குங்கிறான்."

"அவன் சொல்லுவான். அவன் விக்கிறவன்தானே."

"காசு எவ்ளோ அங்கிள்?"

"காசா? ஒரு நல்ல சம்பல் அரைச்சால் மகளிட்டக் குடுத்துவிடு. என்ர மனுசி மிளகாயைக் காட்டிப்போட்டு எடுத்துவிடுறாள்."

பூமணி உள்ளிருந்து, "கேட்டுது" என்றாள்.

ஒரு வருடம் அவர் இப்படிச் சந்தோஷமாக இருந்தார். அவ்வளவுதான் அவருக்கு எழுதியிருந்தது.

யோகநாதனுக்குப் பதவி உயர்வு வந்தது. டட்சன் போய் வால்வோ வந்தது. நீளமான கார். மேசையை மூக்கு தொடும் வரை ஓட்டி நிறுத்தியும் பின்பக்கம் வெளியே நீண்டது. கேட்டைச் சாத்த முடியவில்லை. அன்று யோகநாதன் முதல் தடவையாக, காருக்குள் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இது வீடா, ரிப்பேர் பெங்கெலா? வர்றவங்க எல்லாம் என் மாமனார் கார் ரிப்பேர் பண்றவரான்னு கேக்கிறாங்க லா."

மறுநாள் மத்தியானம் மங்கை வந்து மேசையருகே நின்றாள். முத்துக்குமாரு ஒரு பூட்டுக்குச் சாவி ராவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவர் கேக்கச் சொன்னார்."

"சொல்லு பிள்ளை."

"இந்த மேசையை எடுத்துடலாமாம். கான்ட்ராக்டர் வருவானாம். தரை முழுக்க டைல்ஸ் போடப் போறார்."

அரத்தைக் கீழே வைத்தார்.

"அவர் சொன்னது கிடக்கட்டும். நீ என்ன சொல்லுறாய்?"

அவள் அரத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"வீடு உன்ர பேரில இருக்கு மங்கை. அவரின்ர பேரில இல்லை. நீ ஒரு சொல் சொன்னால் இது இருக்கும். சும்மா எனக்காகச் சொல்ல வேண்டாம். இருக்கட்டும் எண்டு நினைச்சால் சொல்லு."

அவள் மரத்தை விரலால் தடவினாள். கண் கலங்கியது. முத்துக்குமாருவுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. தான் பெற்ற ஒரே பிள்ளை, ரயில் புறப்படும் நேரமெல்லாம் தோளில் ஏறி நின்று பார்த்த பிள்ளை.

"அவங்க வீட்டு ஆக்கள் வரும்போது எனக்கும் வெக்கமா இருக்குப்பா" என்றாள் மங்கை.

அவர் தலையை ஆட்டினார். வைஸில் இருந்த சாவியைக் கழற்றி, தூசி ஊதி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் இருவர் வந்து, சம்மட்டியால் அடித்தும் கடப்பாரை போட்டு நெம்பியும் பார்த்தார்கள். மேசை அசையவில்லை. அடிக்கும்போது மரம் ஒவ்வொரு தடவையும் முழங்கியது. உள்ளே படுத்திருந்த முத்துக்குமாருவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து வந்து, "விடுங்க தம்பி, மரத்தைச் சிதைக்காதீங்க" என்றார். மரம் அறுக்கும் தன் வாளை எடுத்தார். தரையோடு தரையாக நாலு கால்களையும் அவரே அறுத்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பூமணி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

நாலு கால்களின் அடிக்கட்டைகளும் சிமெண்டுக்குள்ளேயே கிடந்தன. மேலே வெள்ளை டைல்ஸ் போட்டார்கள். வைஸ் அவர் கட்டிலுக்கு அடியில் சாக்குக்குள் போனது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கேட்டின் கீல் வளைந்து, ஒரு கதவு தரையில் இறுகிக்கொண்டது. வால்வோ உள்ளே மாட்டிக்கொண்டது. யோகநாதன் டையைத் தோளில் போட்டபடி தள்ளிப் பார்த்து, வியர்த்துப்போய் உள்ளே வந்தார்.

"மாமா, மீட்டிங் இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன். உங்களுக்குத் தெரியாததா?"

முத்துக்குமாரு பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கீலைக் கழட்டி நிமித்த வேணும் தம்பி. பிடிச்சு நிமித்த இஞ்ச ஒண்டும் இல்லை. ஆளைக் கூப்பிடுங்கோ."

யோகநாதன் டாக்ஸி பிடித்துப் போனார். கடைக்கார ஆள் வரும்போது மத்தியானமாகிவிட்டது. வளைந்த கீலைத் தரையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, மறுபடி மாட்டினான். மங்கை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனதும் தகப்பனிடம் வந்தாள்.

"வேணுமெண்டுதானே செய்தீங்கள்?"

"ஓம்" என்றார் முத்துக்குமாரு.

அவர் அதற்குப் பிறகும் பல வருடம் அந்த வீட்டில்தான் இருந்தார். போக வேறு இடம் இல்லை. மங்கைக்குப் பிறந்த பேரப்பிள்ளையை விட்டுவரப் பூமணிக்கும் மனமில்லை. முன்பெல்லாம், "அப்பா, சாப்பிட வாங்கோ" என்று மங்கைதான் வந்து கூப்பிடுவாள். அன்றிலிருந்து அவள் கூப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் தானாக எழுந்து வந்து, மூடியைத் திறந்து, ஆறிய சோற்றைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைப்பார்.