அம்ராவுக்குப் போட்ட கறுப்பு மணல்

புல்மோட்டைக் கனிய மணல் ஆலையில் ஸாஜித்துக்குப் பதினேழு வருட வேலை. கடற்கரையில் அள்ளி வரும் மணலைத் தண்ணீரோடு கலந்து, சுருள் சுருளாக இறங்கும் தொட்டிகளில் விடுவார்கள். லேசான வெள்ளை மணல் தண்ணீரோடு ஓடிவிடும். பாரமான கறுப்பு மணல் உள்பக்கமாக ஒதுங்கித் தங்கும். அது ஒழுங்காக ஒதுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய வேலை. மணலைப் பார்த்தே சோறு தின்கிற மனுசன் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். ஸாஜித் கோபிக்கமாட்டார், உண்மைதானே.

பார்த்துக்கொண்டு நிற்கிற வேலையில் ஒரு கெடுதி உண்டு. மனம் சும்மா இராது. ஸாஜித்தின் மனம் நாலு வருடமாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவருடைய மகள் அம்ரா பத்தொன்பது மணித்தியாலம்தான் இருந்தாள். திருகோணமலை ஆஸ்பத்திரியில் பின்னேரம் பிறந்தவள் அடுத்த நாள் பகல் போய்விட்டாள். இதயத்தில் பிறவிக் குறை, யாராலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னார். ஸாஜித் நம்பினார். ஆனால் பத்தொன்பது மணித்தியாலத்துக்கென்று ஓர் ஆள் ஏன் இந்த உலகத்துக்கு வரவேண்டும் என்பதை டொக்டர் சொல்லவில்லை. அது அவர் படித்த படிப்பில் இல்லை.

அன்று மாலையே அடக்கினார்கள். கடலோரத்து மையவாடி முழுக்கப் பொடிப்பொடியான வெள்ளை மணல். வெட்டிய சின்னக் குழி சரிந்து சரிந்து விழுந்தது. மூடிய பிறகும் ஸாஜித்துக்கு மனம் ஆறவில்லை. காற்றடித்தால் இந்த மணல் பறந்துவிடும், பிள்ளை வெளியே கிடக்கும் என்று ஒரு பயம். கடற்கரைக்கு ஓடிப்போய் உரப்பை நிறையக் கறுப்பு மணல் அள்ளிவந்து கபுறின் மேல் கொட்டிப் பரவினார். யாரும் தடுக்கவில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு மீசான் கட்டைகளை நட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த மார்கழியில் மையவாடிக்கு மேலால் வெள்ளம் போனது. தண்ணீர் வற்றியதும் ஸாஜித் போய்ப் பார்த்தார். கட்டைகளைக் காணோம். கறுப்பு மணலையும் காணோம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. வெள்ளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, தெற்கு மதிலோரம் சுமாராக ஓர் இடத்தில் புதுக் கட்டைகள் இரண்டை நட்டார்.

"கபுறு நல்லா இருக்கா?" என்று மனைவி ரிஸ்லா கேட்டாள்.

"ஓம், நல்லா இருக்கு" என்றார்.

அந்த ஓம் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் வாயில் வந்தது. பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. அங்கே ரிஸ்லாவுக்குக் கண் என்று இருந்தது ஸாஜித்தின் கண்தான். அந்த நம்பிக்கையின் மேல் ஏறி நின்று பொய் சொல்கிறோமே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வார்.

போன மாதம் இராகுலன் என்ற விரிவுரையாளர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தார். பழுப்பு மணல்மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஸாஜித்திடம் நீட்டினார்.

"இதுக்கு என்ன வயசு எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

"போன வாடைக் காத்துக்குக் கடல் கொண்டுவந்தது சேர். ஒரு வருசங்கூட வராது."

"இருநூறு கோடி வருசம் இருக்கும். இது இருந்த மலை இப்ப இல்லை. இது உண்டான நேரம் மரமும் இல்லை, மீனும் இல்லை."

"அதுக்கு முந்தி?"

"பூமி நெருப்புக் குழம்பாக் கிடந்தது."

"அதுக்கும் முந்தி?"

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் கொஞ்சத் தூரம் சொல்லலாம். அதுக்கு அங்கால எனக்குத் தெரியாது."

ஸாஜித்துக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆட்கள் குறைவு. எல்லாவற்றையும் படைத்தவன் யார் என்பதில் ஸாஜித்துக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய வழக்கு வேறு. ஒரு மணலை இருநூறு கோடி வருடம் இருக்க விட்டவன், என் பிள்ளையை இன்னும் ஓர் இரவு இருக்க விட்டிருக்கக்கூடாதா? தொழுதுவிட்டு எழும்பும்போதும் இந்தக் கேள்வி கூடவே எழும்பியது.

வீட்டுக்கு வந்து குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ரிஸ்லாவிடம் சொன்னார். "ஒரு மணலுக்கு இருநூறு கோடி வயசாம். நம்மட புள்ளைக்குப் பத்தொன்பது மணித்தியாலம். இதுக்கு என்ன அர்த்தம் ரிஸ்லா?"

ரிஸ்லா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த மணல் ஒருநாளாவது பாலுக்கு அழுததா? என்ட புள்ள அழுதாள். என்ட விரலப் புடிச்சாள், புடிச்சுட்டு உடவே இல்ல. மணல் கதைய உட்டுட்டு எனக்கு ஒண்டு செய்யுங்க. ஹஜ்ஜுப் பெருநாள் காலைல நான் மதிலுக்கு வெளிய வந்து நிக்கிறன். நீங்க உள்ளுக்குப் போய் இடத்தக் காட்டுங்க. ஒருக்காக் கண்ணால பாக்கோணும்."

"சரி" என்றார் ஸாஜித். வேறு என்ன சொல்ல ஏலும்? அந்தக் கட்டைகளைக் காட்டினால் அவளுக்குத் தெரியவா போகிறது? தெரியாது. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து ஆலையின் நிலத்தைத் தண்ணீர்க் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை மணல் ஓடி வடிகானுக்குள் விழுந்தது. கறுப்பு மணல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கிட்டப் போய்ப் பீய்ச்சினார். கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் படிந்துகொண்டது. பதினேழு வருடமாகப் பார்க்கிற காட்சிதான். ஸாஜித் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "யா அல்லாஹ், நான் எவ்வளவு பெரிய மடையன்!" என்று சத்தமாகவே சொன்னார். வெள்ளம் கறுப்பைக் கொண்டுபோகவில்லை, அதன் மேல் வெள்ளையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பார். தன் பிள்ளை என்றதும் கண் கலங்கி, தெரிந்த வேலையும் தெரியாமல் போயிற்று.

நேரே பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்கிற மோதினார் முனீபிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"கபுறத் தோண்டக் கூடாது தம்பி" என்றார் முனீப்.

"தோண்டல்ல காக்கா. வெள்ளம் போட்ட மணல மட்டும் கையால வழிச்சுப் பாக்கிறன்."

முனீப் கூடவே வந்தார். அந்த வருடம் பிள்ளைகளை அடக்கிய வரிசையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். ஸாஜித் முழங்காலில் நின்று, உள்ளங்கையால் வழித்து வழித்துப் போனார். தான் நட்ட கட்டைகளிலிருந்து எட்டுக் காலடி தள்ளி, ஒரு சாண் வெள்ளைக்கு அடியில் கறுப்பு தெரிந்தது. ஒரு பாய் அகலத்துக்குச் சிதறாமல் கிடந்தது. ஸாஜித் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஏன் வந்தாள் என்பதற்கு இது பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். எங்கே இருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது, அன்றைக்கு அது போதும்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் ரிஸ்லா மதிலுக்கு வெளியே வந்து நின்றாள். ஸாஜித் உள்ளே போய், கறுப்பு மணல் கிடந்த இடத்தில் புதிதாக நட்ட கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய கண் மதிலோரத்துக்குப் போனது.

"அங்கால தனியாக் கிடக்கிற கட்டை ஆருட?"

இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது. ஸாஜித் மதிலடிக்கு வந்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார்.

ரிஸ்லாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நாலு வருசம் என்ட கண்ணப் பொத்தி வெச்சிருக்கீங்க" என்றாள். ஸாஜித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் மதிலோரத்துக் கட்டையை மறுபடியும் பார்த்தாள்.

"அப்ப அந்த இடத்தில ஆரு?"

"தெரியா ரிஸ்லா."

"நாலு வருசமா ஒவ்வொரு வெள்ளியும் அந்த ஆளுக்கா துஆக் கேட்டீங்க?"

"ஓம்."

ரிஸ்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப அத நிப்பாட்டிராதீங்க. பழகிப்போன ஆள், வெள்ளிக்கிழமை எண்டா பாத்துட்டு இருக்கும்."

ஸாஜித் திரும்பிப் போய் அம்ராவிடம் நின்று கையேந்தினார். முடித்துவிட்டு எட்டுக் காலடி நடந்து அங்கேயும் நின்றார். அவர் அங்கே கையேந்தியபோது மதிலுக்கு வெளியே ரிஸ்லாவும் கையேந்தினாள்.