மூச்சிழுத்து ஓம் சொன்னவர்

1. நேர்முகம்

மிசிசாகாவில் அந்தச் சிறிய நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, இரவல் வாங்கிக் கட்டிய ரை என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இரசாயனத் தொழிற்சாலைத் தாங்கிகளுக்குள், அந்தப் பெரிய மூடிய தொட்டிகளுக்குள், என்ன நடக்கும் என்பதை, அவற்றைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் ஓட்டிச் சொல்வது அவர்களின் தொழில்.

எதிரே இருந்தவர் இங்கிரிட். எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த சுவீடன்காரர். கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். சடாரென்று மூச்சை உள்ளே இழுத்தார். என் விடையைக் கேட்டுத் திடுக்கிட்டுவிட்டார் என்று நினைத்து, என் சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"எங்கே போகிறீர்கள்? சரி என்றுதானே சொன்னேன்" என்றார்.

வட சுவீடனில் அப்படித்தான் ஓம் சொல்வார்களாம். வேலை கிடைத்தது.

2. ஊகப் பலகை

கணினியை ஓட்டுவதற்கு முன், எல்லோரும் தங்கள் ஊகத்தை வெள்ளைப் பலகையில் கோடாகக் கீற வேண்டும் என்பது இங்கிரிட்டின் சட்டம். எல்லோரிலும் ஆகத் தவறியவர் வெள்ளிக்கிழமைக் கோப்பிக்குத் தின்பண்டம் கொண்டுவர வேண்டும். ஊகம் எழுதாதவர் தானாகவே தோற்றவர்.

நான் ரோல்ஸ் வாங்கிய வேகத்தில் ஸ்காபரோ ரேக் அவுட் சாப்பாட்டுக் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன அண்ணை, வீட்டில கிழமைக்கொரு பிறந்தநாளோ?"

"இல்லை தம்பி, கணக்குப் பிழைச்சுப்போச்சு."

"அப்ப நல்லாப் பிழையுங்கோ!"

அந்தக் கோப்பி நேரங்களில்தான் இங்கிரிட்டின் கதை தெரிந்தது. ஓர் அறையை அடைத்து நின்ற கணினியின் சூட்டில் ஈரக் கையுறையைக் காயவைத்துக்கொண்டே வேலை பழகியவர். அவரைப் பிடித்தாட்டியவை 'ஸ்டிஃப்' சமன்பாடுகள். ஒரே தாங்கிக்குள் ஒன்று கண் சிமிட்டுவதற்குள் மாறும், இன்னொன்று அரை நாள் எடுத்து ஆடி அசைந்து மாறும். கணினி நேரத்தின் மேல் சின்ன அடி வைத்து நடந்தால் கணக்கு முடியாது. பெரிய அடி வைத்தால், பழைய முறைகளில் எண்கள் வெடித்துச் சிதறும். பெரிய அடியிலும் சிதறாத முறைகளைத் தேடியே அவர் பாதி ஆயுள் போனது. கண்டும் பிடித்தார். இன்று பல மென்பொருள்களின் வயிற்றுக்குள் அவருடைய முறை இருக்கிறது. அதைக் கேட்டால், "கோப்பி ஆறுகிறது" என்பார்.

3. முள்

பிறகு நிரோஷன் மனேஜராக வந்தான். இங்கேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரன். அவனிடம் ஒரேயொரு குறை, என்னை "அங்கிள்" என்றான். விரைவான புது மென்பொருள் ஒன்றை வாங்கி வந்தான். அது சரிவந்தால் இங்கிரிட்டின் பழைய நிரலும் வேண்டாம், இங்கிரிட்டும் வேண்டாம். அது அலுவலகம் முழுக்கத் தெரிந்த இரகசியம்.

முதல் வேலை, ஒரு தாங்கியின் சேஃப்டி வால்வு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வது. சூடான திரவத்துக்குள் வினையூக்கியை ஊற்றும்போது அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதே கேள்வி. வால்வு சிறுத்தால், பக்கத்தில் நிற்கும் ஆட்களின் கதை முடிந்தது. பதில் அன்று மத்தியானம் போக வேண்டும்.

நான் பலகையில், தொடக்கத்திலேயே செங்குத்தாய் ஒரு முள்ளைக் கீறினேன்.

"வட் இஸ் திஸ், அங்கிள்? ஆணி மாதிரிக் கிடக்கு."

"ஈரக் கறிவேப்பிலையைக் கொதி எண்ணெய்க்குள்ள போட்டிருக்கிறீரோ? முதல் வெடிதான் வெடி. பிறகு சத்தமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷன் ஊகம் எழுதாமலே ஓட்டினான். நொடியில் கோடு வந்தது. பட்டுச் சேலை மாதிரி வழுவழுப்பு, முள் இல்லை. ரோல்ஸுக்குச் சொல்லிவைக்க நான் போனை எடுத்தேன்.

"அடியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள்" என்றார் இங்கிரிட்.

"எதுக்கு? இட்ஸ் ஸ்டேபிள்! உள்ளுக்கு இருக்கிறதே உங்கட மெதட்தான், டொக்டர்" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கொட்டியவன், அவருக்குத் தமிழ் தெரியாது என்ற நினைவு வந்து, மிச்சத்தை ஆங்கிலத்தில் கேட்டான். "உங்களையே நீங்கள் சந்தேகப்படுகிறீர்களா?"

இங்கிரிட் மூச்சை உள்ளே இழுத்தார்.

நிரோஷன் அடியைப் பாதியாக்கினான். கோட்டின் தொடக்கம் சற்றுப் புடைத்தது. மறுபடி பாதியாக்கினான், இன்னும் புடைத்தது. பிறகு யாரும் சொல்லாமல் அவனே பாதியாக்கிக்கொண்டே போனான். கோடு இனி மாறாது என்று நின்றபோது, திரையில் என் முள் நின்றது. முதல் ஓட்டம் எட்டி வைத்த பெரிய அடி, அந்த வெடியை அப்படியே தாண்டிப் போயிருந்தது. பழைய முறையென்றால் எண்கள் சிதறி எங்களை எச்சரித்திருக்கும். இங்கிரிட்டின் முறை சிதறாது. அதனால் பிழையும் அழகாக இருந்தது.

"விழாமல் நடக்கத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். "பார்த்து நடக்க நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

பெரிய வால்வு வேண்டும் என்று எழுதி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை நிரோஷன் இரண்டு தட்டு ரோல்ஸோடு வந்து, முதல் ரோலை இங்கிரிட்டிடம் நீட்டினான். அவர் போவது பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை. தானாகப் போகும்வரை இருந்தார்.

நான் கீறிய முள்ளும் உண்மையில் திரையில் வந்ததில் பாதி உயரம்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று: விடை அழகாக வந்தால், அடியைப் பாதியாக்குங்கள். செய்தவர் நீங்களே என்றால், கட்டாயம் பாதியாக்குங்கள்.

இப்போது மோர்னிங்சைட் வீட்டில், காரில் ஏறிய பிறகும் இறங்கிப் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பேன். "நீங்கள்தானே பூட்டினனீங்கள்? உங்களில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?" என்பாள் மனைவி.

நான் மூச்சை உள்ளே இழுப்பேன்.

"இஞ்சாருங்கோ, நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"