தொடவேண்டாம் என்று டேமியன் எழுதிய கசற்

டேமியன் இறந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருபடிச் சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பக்கத்து வீட்டு அந்தோனிப்பிள்ளை அண்ணை சைக்கிளை வகுப்புக் கொட்டிலின் கப்புத் தூணில் சாத்திவிட்டுச் செருப்போடேயே உள்ளே வந்தார். "மாஸ்டர், டேமியன் விடியப்பறம் போயிட்டான்" என்றார். மஞ்சள் காமாலையான செங்கண்மாரி முற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அவனை அறிந்த நீங்கள் இந்த அஞ்சலிக் குறிப்பை வாசிப்பீர்கள். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. தப்பினேன் என்று நினைத்தேன். எதிலிருந்து என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்பானவர், பண்பானவர் என்று எழுதினால் டேமியன் சவப்பெட்டிக்குள் கிடந்தே சிரிப்பான். அவனிடம் அன்பும் இல்லை, பண்பும் இல்லை. வாய்தான் இருந்தது.

குருநகரில் பிறந்தவன். படகு மோட்டர் திருத்துவது தொழில். கடலில் இறங்க முடியாமல் போய், ஷெல் அடிக்கும் பயந்து, தாயோடும் மனைவி றோசலினோடும் அச்சுவேலிக்கு இடம்பெயர்ந்து வந்து தோட்டக்காரரின் வோட்டர் பம்புகளைத் திருத்தினான். கப்பலில் வேலை செய்த அவனுடைய தமையன் முன்னர் ஒருமுறை ஊர் வந்தபோது ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எழுத்துக் கட்டைகள் பதித்த ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். அதை ரீவியில் பொருத்த வேண்டும். விளையாட்டு கசற்றில் இருக்கும். டேப் றெக்கோடரில் ஓடவிட்டால் ஐந்து நிமிடம் கீச்சிட்டுக் கத்தியபிறகு திரையில் வரும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகும் அந்தப் பெட்டி ஓடியது. பழைய கார் ஒன்றின் டைனமோவை வோட்டர் பம்போடு பட்டி போட்டு இணைத்துப் பற்றரியில் மின்சாரம் ஏற்றினான். ஆளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுபோவோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் விளையாட்டு. பங்கர் வெட்டவும் விறகு தேடவும் திரிந்த மனிதர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் வேறொரு நாடு.

ஆனால் அந்த நாட்டுக்குள் போக அவனுடைய வாயைக் கடக்க வேண்டும். முதல் நாள் விண்கற்களைச் சுடும் விளையாட்டில் அரை நிமிடத்தில் என் கதை முடிந்தது. "மாஸ்டர், நீ விளையாடேல்லை. தற்கொலை செய்தனி" என்றான். அதையாவது விடலாம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆசைப்பட்டு வந்தார். பாவம், கை நடுக்கம். "ஐயா, எண்ணெய் இல்லாத ஊரிலை உங்கடை கை மட்டும் எஞ்சின் மாதிரி ஓடுது. நீங்கள் பாக்கிறதோடை நிப்பாட்டுங்கோ" என்றான். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அவனுடைய அபிப்பிராயங்கள் உங்களுக்குப் பாடமாயிருக்கும். சிங்கப்பூர் போய் வந்த ஒருவர், அங்கே பிள்ளைகள் ரீவியோடு பொருத்திய பெட்டியில் விளையாட்டு அடங்கிய கட்டை ஒன்றைச் செருகியவுடனே விளையாட்டு வருவதாகப் பெருமையாகச் சொன்னார். "சூப்பி குடிக்கிற பிள்ளையளுக்கு அது சரி. அஞ்சு நிமிசம் காத்திருக்கேலாதவன் விளையாடி என்னத்தைக் கிழிக்கப்போறான்?" என்று கேட்டான். வண்ணத்திரையைப் பற்றிக் கேட்டால், "நிறத்தைக் கூட்டினால் மூளையைக் குறைக்கலாம் எண்டு கொம்பனிக்காரனுக்குத் தெரியும்" என்பான். உன்னிடம் இருப்பது கறுப்பு வெள்ளை ரீவி என்பதால்தானே இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. எல்லாவற்றையும்விட அவனுக்கு ஆத்திரம் ஊட்டியது, விளையாடுபவனுக்கு மூன்று உயிர் கொடுக்கும் வழக்கம். "அது சமாதானமான ஊர்க்காரன்ரை கொழுப்பு. எங்களுக்கு எவன் மூண்டு தாறான்?" என்பான்.

அந்த வாய்க்கு முன்னால்தான் நான் என் விளையாட்டைக் கொண்டுபோய் வைத்தேன். எட்டு மாதம் ஒரு கொப்பியில் கொம்பியூட்டருக்கான கட்டளைகளை வரி வரியாக எழுதி, ஞாயிறுகளில் அவன் வீட்டிலேயே தட்டி, ஒரு கசற்றில் பதிந்தது. தொண்டைமானாற்று முகத்துவாரத்தால் வள்ளம் வெளியே போய், மீனோடு திரும்பி வரவேண்டும். என் வாழ்க்கையில் நானாக ஒன்றைச் செய்தேன் என்றால் அதுதான். ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேமியன் மூன்றே நிமிடத்தில் மீனோடு திரும்பி வந்துவிட்டான்.

"மாஸ்டர், நீ எப்பவாவது வள்ளத்திலை ஏறியிருக்கிறியே?"

"இல்லை."

"அது தெரியுது. நீரோட்டம் இல்லை, காத்து இல்லை. உந்த வாயிலை நேராப் போனா வள்ளம் பிரளும். இது கடல் இல்லை, உன்ரை கரும்பலகை. மூண்டு உயிர் வேறை வைச்சிருக்கிறாய். செத்தால் அழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதலாம் எண்டு நினைப்பு."

ஏழு பேரும் சிரித்தார்கள். தபால்காரப் பெரியவரைப் பார்த்து நாங்கள் சிரித்த அதே சிரிப்பு. கொப்பியையும் கசற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். ஆனாலும் வெட்கம் கெட்டு அடுத்த ஞாயிறும் போனேன்.

அதன்பின் ஆறு மாதமாக அவன் எங்களை அனுப்பிவிட்டுத் தனியே இருந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கேட்டால் காட்டமாட்டான். சொந்தமாக ஒரு விளையாட்டு எழுதுகிறான், என்னை மண் கவ்வ வைக்கத்தான் எழுதுகிறான் என்று நான் முடிவு கட்டினேன். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஒருநாள் அவன் சாவகச்சேரிப் பக்கம் பம்ப் திருத்தப் போயிருந்தபோது அவனுடைய தாயார் என் வீட்டுக்கு வந்தா. கையில் ஒரு கசற். கொழும்புக்குப் போகும் ஒருவர் மறுநாள் புறப்படுகிறார், அவரிடம் கொடுத்துவிட்டால் கப்பலில் இருக்கும் மூத்த மகனுக்குப் போய்ச் சேரும். எழுத்துத் தெரியாத தாய்மார் கசற்றில் கதைத்துத்தானே கடிதம் அனுப்புவார்கள்? ஆனால் கடைகளில் வெறும் கசற் இல்லை.

"தம்பி, உது டேமியன்ரை பெட்டிக்குள்ளை கிடந்தது. போட்டுப் பாத்தன், கீ எண்டு கத்துது. பழுதாப்போன கசற்போலை. பாவிக்கலாமே?"

வாங்கிப் பார்த்தேன். மேலே டேமியனின் எழுத்து: ‘முடிஞ்சுது. ஒருத்தரும் தொடவேண்டாம்.’ அவவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"ஓம் அம்மா, பழுதுதான். நீங்கள் கதையுங்கோ. டேமியனிட்டைச் சொல்லவேண்டாம், பழுதான சாமானுக்கும் சண்டை பிடிப்பான்" என்றேன்.

அதோடு நின்றேனா? மேலே வேறொன்றும் பதிந்து அழியாமல் இருக்க அவன் உடைத்துவிட்டிருந்த கசற்றின் மூலைத் துளையில் நானே கடதாசி ஒட்டினேன். என் றெக்கோடருக்குப் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தேன். "என்ரை ராசா, சாப்பிட்டியே, கப்பலிலை குளிரே" என்று அவ கதைக்கக் கதைக்க நான் சுற்றினேன். அரை மணித்தியாலம். கை வலித்தபோதும் நிறுத்தவில்லை. இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

அவன் திரும்பி வந்து கசற்றைத் தேடினான். நானும் கூடத் தேடினேன். இரண்டு ஞாயிறு, அலுமாரிக்குப் பின்னால், நெல்லு மூட்டைக்குக் கீழே, கோழிக்கூட்டுக்குள்ளேகூட. டேமியன் கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாத் தேடுறாய் மாஸ்டர். இந்தக் கவனம் உன்ரை விளையாட்டிலை இல்லாமல் போச்சு" என்றான். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வழக்கம்போல ஞாயிறுகளில் என்னைத் தோற்கடித்தான், வழக்கம்போல ஏசினான். கண் மஞ்சளித்துப் படுக்கையில் விழும்வரை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் றோசலின் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினா. அது என்னுடைய கொப்பி. "உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

கொப்பியை வாங்கிக்கொண்டு, "அந்தக் கசற்..." என்று தொடங்கினேன்.

"அவருக்குத் தெரியும். வந்த அண்டைக்கே மாமி சொல்லிப்போட்டா."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டனான் மாஸ்டர். கேட்டால் நீங்கள் வாறதை நிப்பாட்டிப்போடுவியளாம். தன்னட்டைத் தோக்கிறதுக்கு ஊரிலை வேறை ஆள் இல்லையாம்."

இதை அவன் அன்பாகச் சொன்னானா, குத்திச் சொன்னானா என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுத் தேடியதை அவன் எல்லாம் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செய்தது பெரிய கொடுமையா, அவன் செய்தது பெரிய கொடுமையா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்துதான் கொப்பியைத் திறந்தேன். முகப்பில் என் பெயருக்குக் கீழே ‘டேமியன் திருத்தியது’ என்று எழுதியிருந்தான். அவன் ஆறு மாதமாகத் தட்டியது அவனுடைய விளையாட்டை அல்ல, என்னுடையதை. நான் எழுதிய வரிகளுக்கு இடையில் பென்சிலால் காற்று, நீரோட்டம், முகத்துவாரத்தின் மணல்திட்டு எல்லாம் ஏறியிருந்தன. உயிர் மூன்று என்ற என் வரியில் மூன்றை வெட்டி ஒன்று என்று போட்டிருந்தான். பக்கத்தில், ‘இனிக் கவனமா ஓட்டுவான்’ என்ற குறிப்பு.

டேமியனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கொப்பிதான். வள்ளம் முகத்துவாரத்தைத் தாண்டுகிற இடத்தோடு பென்சில் எழுத்து நின்றுவிடுகிறது. எத்தனையோ தடவை புரட்டிவிட்டேன், அதற்குப் பிறகு வெறும் தாள்கள்தான். அந்தக் கடைசி வரிக்குக் கீழே எழுதியிருக்கிறான்: ‘மிச்சம் கசற்றிலை.’